மரியாதைப் பட்டியல்

அதை மோந்து பாக்காதீங்க தம்பி. கீழ வைங்க. எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க. அந்த நாட்டுப் புஸ்தகம் ஒண்ணு கையில கிடைச்சா மொதல்ல விரிச்சு மூக்குல வச்சுக்கறது. என்னா வழவழப்பு, என்னா அச்சு, என்னா படம்னு உருகுறது. எனக்கு அந்த வாசனை வந்தாலே குமட்டும். பதினோரு வருஷம் அந்தக் காகிதத்துக்குள்ளயே கிடந்தவன் நான். அந்த ஊர் மாடிப்படியில எந்நேரமும் முட்டைக்கோஸ் வேகிற நாத்தம் அடிக்கும். அதுவும் இந்த மை வாசனையும் எனக்கு ஒண்ணுதான்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

இதுக்காகவா சென்னையிலருந்து கோவில்பட்டி வரைக்கும் வந்தீங்க? மறுபதிப்பு போடப் போறீங்க. போடுங்க. வாங்க ஆள் இருக்குங்கறீங்க, இருக்கும். புஸ்தகத்துல மொழிபெயர்த்தவன் பேர் இல்ல, அது யாருன்னு தெரியணும், அவ்வளவுதானே? போன்ல இன்னொண்ணும் கேட்டீங்க. அவ்வளவு பெரிய நாட்டை அத்தனை வருஷம் எப்படி ஐயா கட்டி ஆண்டாங்கன்னு. ரெண்டுக்கும் ஒரே பதில்தான். சொல்றேன். நடுவுல நடுவுல ஃபோனைப் பாக்காம கேளுங்க.

நாட்டுப் பேரை நான் சொல்ல மாட்டேன். நீங்களும் இந்த வீட்டுல சொல்ல வேண்டாம். இப்ப அந்தப் பேர்ல ஒரு நாடே கிடையாது. பனி பெய்யிற சோஷலிஸ்ட் நாடு, அது போதும்.

போலீஸ், ராணுவம், ஜெயிலுன்னு நீங்க படிச்சிருப்பீங்க. அதெல்லாம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நான் கண்ணால பாத்தது விகுதி. தமிழ் எம்.ஏ.ன்னு சொன்னீங்களே, விகுதின்னா தெரியுமில்ல? வந்தான், வந்தார். ஆன், ஆர். அதை வச்சு ஆண்டான்.

சிரிக்காதீங்க.

நான் இங்க தமிழ் வாத்தியாரா இருந்தவன். லீவு நாள்ல கட்சிப் பத்திரிகைக்குப் புரூஃப் பாத்துக் கொடுப்பேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஒற்றெழுத்து போகாது. அதைப் பாத்துட்டுத்தான் கட்சி என்னை அனுப்புச்சு. அங்க அரசாங்கப் பதிப்பகத்துல தமிழ்ப் பிரிவுன்னு ஒண்ணு. அதுல நான் தலைமைப் பிழைதிருத்துநர். என் கையெழுத்து இல்லாம ஒரு பக்கம் அச்சுக்குப் போகாது. இதைப் பெருமைக்குச் சொல்லல, நடைமுறை அது.

பிரிவுத் தலைவன் கிரில்னு ஒருத்தன். அந்த ஊர்க்காரன். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது, தமிழ்ப் பிரிவுக்குத் தலைவன்! பெரிய மனுஷன் யாரையாவது பாத்தா உள்ளங்கை வேர்த்துரும் அவனுக்கு. கை குடுத்தா நம்ம கையைத் துடைச்சுக்கணும். சீ.

அப்புறம் லிதியா அம்மா. அதுவும் அந்த ஊர்க்காரிதான். மூலத்தையும் தமிழையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாக்கிற வேலை. தமிழ்நாட்டைக் கண்ணால பாத்தது கிடையாது, இலக்கணப் புஸ்தகத்துலயே தமிழ் கத்துக்கிட்டது. காலையில என்னைப் பாத்தா "வணக்கம் ஐயா, சிற்றுண்டி அருந்தினீர்களா?"ன்னு கேக்கும். நம்ம பயலுகளே அப்படிக் கேக்கறதில்ல.

அந்தம்மாதான் ஒரு நாள் எங்கிட்ட கேட்டுச்சு. "ஐயா, எங்கள் மொழியில் அவன், அவர் என்ற வேறுபாடு இல்லை. யாருக்கு எதை இடுவது என்று நீங்கள் எவ்வாறு முடிவு செய்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. அதுவரைக்கும் ஆளுக்கொரு மாதிரி எழுதிக்கிட்டிருந்தானுக. ஒரே ஆளு பத்தாம் பக்கத்துல 'கூறினார்', முப்பதாம் பக்கத்துல 'கூறினான்'. அசிங்கமா இருக்கும். நான் ஒரு வாரம் உக்காந்து பட்டியல் போட்டேன். கட்சித் தலைவர்கள், அறிஞர்கள், உழைப்பாளி வீரர்கள், எல்லாருக்கும் ஆர். பழைய ராஜாக்கள், முதலாளிகள், காட்டிக்கொடுத்தவனுக, மக்கள் விரோதிகள், எல்லாருக்கும் ஆன். நடுவுல ரெண்டுங்கெட்டான் இருப்பானுகள்ல, அவனுகளுக்கு மூணாவதா ஒரு பத்தி போட்டேன். அங்க விகுதியே வராம எழுதணும். 'அணையைத் திறந்தார்' வேண்டாம், 'திறந்தான்' வேண்டாம், 'அணை திறக்கப்பட்டது'. யாரால? அதைக் கேக்கக் கூடாது. மரியாதைப் பட்டியல்னு அதுக்கு நானே பேர் வச்சேன்.

லிதியா அம்மா அதைக் கிரிலுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுச்சு. அவன் முகத்தைப் பாக்கணுமே! எதிரிக்கு வேற, நம்ம ஆளுக்கு வேறன்னு வினைச்சொல்லுலயே பிரிச்சு வைக்கிற பாஷையை அவன் கனவுலகூட கண்டதில்ல. பட்டியலைக் கொண்டுபோய் இரும்பு அலமாரியில வச்சுப் பூட்டிட்டான்.

அங்கதான் ஆரம்பிச்சுது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவன் ஆறாவது மாடிக்குப் போவான். மேலிடம் அங்கதான். திரும்பி வருவான், அலமாரியைத் திறப்பான், பட்டியல்ல ஏதாவது ஒரு பேருக்குப் பக்கத்துல பென்சிலால ஒரு புள்ளி வைப்பான். இத்தனூண்டு புள்ளி. ரப்பர் வச்சா அழிஞ்சிரும். என்ன தோழர் இதுன்னு கேட்டா, "மொழி உங்கள் துறை, நீங்களே தீர்மானியுங்கள்" என்பான்.

இதுதான் தம்பி ஆட்சி. நீங்க உத்தரவு போட்டு ஆண்டான்னு நெனச்சிருப்பீங்க. உத்தரவு போட்டா நாளைக்கு அதுவே அவனுக்கு எதிரா சாட்சி. அதனால எவனும் வாயைத் திறக்க மாட்டான். மேல இருக்கிறவன் புருவத்தைத் தூக்குவான், நடுவுல இருக்கிறவன் புள்ளி வைப்பான், கீழ இருக்கிறவன் பயந்துக்கிட்டு ஒண்ணுக்கு ரெண்டாச் செஞ்சு வைப்பான். கடைசியில பாத்தா எவனும் எதையும் சொல்லியிருக்க மாட்டான். எல்லாம் நடந்திருக்கும்.

மொதல்ல புள்ளி விழுந்தது ஒரு நீர்ப்பாசன மந்திரிக்கு. நான் அவனை ஆர்ல இருந்து எடுத்து ஆன்ல போட்டேன். 'கால்வாய் வெட்டினார்'ங்கறது 'வெட்டினான்'னு ஆச்சு. மூணு வாரம் கழிச்சு அந்த ஊர்ப் பேப்பர்ல வந்துச்சு, உடல்நலம் கருதி மந்திரி ஓய்வு பெறுகிறார்னு. அவ்வளவுதான், விஷயம் கட்டிடம் பூரா பரவிட்டு. யார் விழப் போறான்னு ஊருக்கு முன்னாடி தமிழ்ப் பிரிவுக்குத் தெரியுது! இந்திப் பிரிவுக்காரன் சும்மா சக்கரை கடன் கேக்கற மாதிரி வருவான். வங்காளப் பிரிவுக்காரி அகராதி கேட்டு வருவா. எல்லாரும் என் மேஜையில இருக்கிற புரூஃபை எட்டிப் பாப்பாங்க. அப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. இப்ப நெனச்சா அருவருப்பா இருக்கு. இன்னொருத்தன் விழறதை வேடிக்கை பாக்க அப்படி ஒரு அலைச்சல்!

சரி, உங்க விஷயத்துக்கு வாறேன். இந்தப் புஸ்தகத்தை மொழிபெயர்த்தது இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட எட்டு வயசு சின்னவன். எனக்கு முன்னாடியே அங்க வந்து, அந்த ஊர் நர்ஸு தமாராங்கிறவளைக் கட்டிக்கிட்டு, வள்ளின்னு ஒரு பொம்பளப் பிள்ளையும் இருந்துச்சு, ஆறு வயசு. அந்தப் பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆபீஸுக்கே வந்துருவான். நல்லா எழுதுவான், இல்லேங்கல. ஆனா ஒழுங்கு கிடையாது. வாய்க்கு வந்த மாதிரி எழுதுவான். வட்டார வழக்கு, கொச்சை, எல்லாம் வரும். நான் சிவப்பு மையில திருத்தித் திருத்தி என் கை ஓஞ்சு போச்சு.

அங்க ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். ஒப்பந்தம் இருந்தாத்தான் வீடு. வீடு இருந்தாத்தான் போலீஸ்ல பதிவு. பதிவு இருந்தாத்தான் அந்த மண்ணுல நிக்க முடியும். ஒப்பந்தம் போச்சுன்னா பத்து நாள், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இசக்கிக்கு இன்னொரு சிக்கல், பொண்டாட்டியும் பிள்ளையும் அந்த நாட்டுப் பிரஜைங்க. அவங்க வெளிய வரணும்னா அரசாங்கம் தனியா அனுமதி குடுக்கணும். அது ஒரு வருஷத்துல வந்தாலும் வரும், பத்து வருஷமானாலும் வராது. இது எங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பத்தான் தலைவருக்கு எழுபத்தஞ்சாவது பிறந்த நாள். நாட்டுத் தலைவர், சுவருக்குச் சுவர் படம் மாட்டியிருக்கிற ஆளு. அவர் பிள்ளைப் பருவத்தைப் பத்திக் குழந்தைகளுக்கு ஒரு புஸ்தகம், இருபது மொழியில ஒரே நாள்ல வரணும். தமிழுக்கு இசக்கி. அதுதான் உங்க கையில இருக்கு.

அவன் கொண்டுவந்து கொடுத்த பிரதியை எடுத்து வாசிக்கிறேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தலைவருக்கு ஆன் போட்டிருக்கான்! 'வாத்துக் கூட்டத்தைக் கண்டு பயந்து அழுதான்.' 'அம்மாவின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.' பக்கத்துக்குப் பக்கம். பதினாலு வயசுல ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போற எடத்துல இருந்துதான் ஆர் வருது.

கூப்பிட்டுக் கேட்டேன். "இசக்கி, இது என்ன?"

"என்ன அண்ணாச்சி?"

"பட்டியல்ல தலைவர் எங்க இருக்காரு? ஆர்ல. வயசு போட்டிருக்கா? இல்ல. அப்ப பிறந்ததுலருந்து ஆர்தான்."

அவன் சிரிச்சான். "அண்ணாச்சி, ஆறு வயசுப் பய மூக்கு ஒழுவ வாரான். 'மூக்கு ஒழுகினார்'னு எழுதச் சொல்லுதீயளா? நம்மூருப் பிள்ளைக வாசிச்சுட்டு என்ன நெனைக்கும்? கிழவன் ஒருத்தன் வாத்தைப் பாத்து அழுதான்னுல்லா நெனைக்கும்!"

தட்டெழுத்துப் பொண்ணுங்க சிரிச்சுட்டாங்க. லிதியா அம்மாவும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. "ஐயா, இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. உண்மையான சிறுவன் ஒருவன் நடந்து வருகிறான்"னு வேற சொல்லுச்சு. எனக்கு எப்படி இருக்கும்? பட்டியலைப் போட்டவன் நான். என்னை வச்சுக்கிட்டே, ஆபீஸ் நடுவுல.

நான் சண்டை போடல. சண்டை போடுறது என் பழக்கமில்ல. போய் உக்காந்து ஒரு மொழிக்குறிப்பு எழுதினேன். அரைப் பக்கம். 'இப்பிரதியில் தலைவரைக் குறிக்க, நமது பட்டியலில் மக்கள் விரோதிகளுக்கு ஒதுக்கப்பட்ட விகுதி இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளது.' இவ்வளவுதான். இதுல ஒரு சொல்லு பொய் உண்டா? எண்ணிப் பாத்துக்கலாம். கீழ கையெழுத்துப் போட்டு, முறைப்படி கிரில் மேஜையில வச்சேன். அங்க எல்லாரும் எல்லாரைப் பத்தியும் மொட்டைக் கடுதாசி எழுதிக்கிட்டிருந்த காலம் அது. கூட ஒரே தட்டுல சாப்பிட்டவனைப் பத்தி எழுதுவானுக, த்தூ. நான் அந்தக் கேவலத்தைச் செஞ்சதே கிடையாது. நான் எழுதினது பிழைதிருத்தம்.

கிரில் அதை எடுத்துக்கிட்டு ஆறாவது மாடிக்கு ஓடினான். செவ்வாய்க்கிழமைக்குக்கூடக் காத்திருக்கல.

மூணு பேர் கமிஷன் போட்டாங்க. ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. விகுதின்னா என்னன்னு விளங்க வைக்கவே ரெண்டு மணி நேரமாச்சு. லிதியா அம்மாவைக் கூப்பிட்டாங்க. அது இசக்கியைக் காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டுப் போய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "தமிழர் தம் உள்ளத்துக்கு மிக நெருங்கியவரை ஆன் விகுதியிலேயே கூறுவர். தம் கடவுளைக்கூட வந்தான், அருளினான் என்றே பாடுவர்"னு சொல்லுச்சு. கடவுள்! அந்தக் கட்டிடத்துல, அந்த மேஜைக்கு முன்னாடி, கடவுள் பேச்சை எடுப்பாளா ஒருத்தி? அவனுக உடனே எழுதிக்கிட்டானுக, மதப் பிரச்சாரம்னு. அந்தம்மாவை மறுநாளே புஸ்தகக் கிடங்குக்கு மாத்திட்டாங்க. அந்தக் குளிர்ல, மூட்டு வலியோட. படிச்ச மனுஷிக்குச் சமயம் சந்தர்ப்பம் தெரிய வேண்டாமா?

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க.

போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் இசக்கி என் வீட்டுக்கு வந்தான். வெளிய வராந்தாவுல தமாரா, கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. உள்ள வரச் சொன்னேன், வரல. அவன் மட்டும் வந்தான். தொப்பியைக் கழட்டாமலே நின்னான்.

"அண்ணாச்சி, அந்தக் குறிப்பைத் திருப்பி வாங்கிருங்க. அவசரத்துல எழுதிட்டேன், இந்த எடத்துல ரெண்டும் சரிதான்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். நீங்க சொன்னா கேப்பானுவ. நீங்கதான் அவனுவளுக்குத் தமிழு."

"எப்படிடா, பட்டியல் இருக்கே?"

"பட்டியலை நீங்கதான போட்டிய?"

"போட்டவனே மீறினா அப்புறம் அது என்ன பட்டியல்?"

வராந்தா பக்கம் திரும்பிப் பாத்தான். "என்னையப் பத்தி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பிள்ளைக்கு நான் இல்லாம சோறு எறங்காது"ன்னான். சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் மனுஷன்தானே? ஆனா பிழையைப் பிழை இல்லைன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னா எப்படி முடியும்? என் கையெழுத்துக்குன்னு ஒரு மதிப்பு இருக்கில்ல?

மறுநாள் கமிஷன்ல கேட்டாங்க. இந்த விகுதியைத் தமிழர் எதிரிக்குப் போடுவாங்களா? போடுவோம்னேன். கடவுளுக்கும் போடுவாங்களா? போடுவோம். அன்பா இருக்கிற ஆளுக்கு? அவங்களுக்கும் போடுவோம். எல்லாம் உண்மை. அப்புறம் அந்த நடுவுல இருந்த தடிச்ச ஆளு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டான், "இந்த மொழிபெயர்ப்பாளர் எதை மனதில் வைத்து எழுதினார்? அன்பையா, பகையையா?"

நான் சொன்னேன், "விகுதியை மட்டும் வைத்து அதைக் கூற இயலாது."

இலக்கணப்படி அதுதான் சரியான பதில். இன்னைக்குக் கேட்டாலும் அதையே சொல்லுவேன். அடுத்தவன் மனசுக்குள்ள புகுந்து பாத்த மாதிரி பேச நான் யாரு? ஆனா அவனுக என்ன எழுதிக்கிட்டானுக தெரியுமா? 'பகை நோக்கம் இல்லை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.' நான் சொன்னது என்ன, அவன் எழுதினது என்ன? அயோக்கியப் பசங்க. ஒரு வாத்தியார் வாயில இருந்து வர்ற சுத்தமான வாக்கியத்தை எடுத்து எப்படித் திரிக்கிறான் பாருங்க. இதெல்லாம் நெனச்சாத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் போட்டாங்க. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்னு தீர்மானம். ஆதரிக்கிறவங்க கை தூக்கணும். அங்க எல்லாரும் தூக்குவாங்க, அதுல ஒரு கேள்வியும் இல்ல. யார் முதல்ல இறக்குறாங்கன்னு பாக்கத்தான் மேடையில ஒருத்தன் உக்காந்திருப்பான். அதனால தோள்பட்டை விட்டுப் போற வரைக்கும் தூக்கியே வச்சிருப்போம். நானும் தூக்கினேன், என்ன செய்ய? திரும்பிப் பாத்தா பின் வரிசையில இசக்கியும் தூக்கியிருக்கான்! அவனுக்கு எதிரான தீர்மானத்துக்கு அவனே! ஒத்துழைச்சா பொண்டாட்டி பிள்ளைக்கு அனுமதி சீக்கிரம் கிடைக்கும்னு எவனோ சொல்லியிருக்கான். எனக்கு வெறுத்துப் போச்சு தம்பி. ஒரு மனுஷனுக்குச் சூடு சொரணை வேண்டாமா?

ஒன்பதாவது நாள் கிளம்பிட்டான். நான் விமான நிலையத்துக்குப் போகல. நல்ல குளிர், எனக்கு மூச்சிரைப்பு உண்டு. தமாராவையும் பிள்ளையையும் வேற ஊர்ல அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அனுமதியாவது ஒண்ணாவது. இவன் இங்கருந்து மனு மேல மனு போட்டான்னு கேள்வி. நல்ல தமிழ்ல தூதரகத்துலருந்து பதில் வருமாம், 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது'ன்னு. அதை எழுதினவன் யாரோ ஒரு நல்ல தமிழ்க்காரன்.

அவன் வீட்டை எனக்கு ஒதுக்கினாங்க. ரெண்டு அறை வீடு, என்னோடது ஒரு அறை. நான் கேக்கல, அவனுகளா குடுத்தானுக. மூப்புப் பட்டியல்ல அடுத்து நான்தான் இருந்தேன். உள்ள போனா ஒரே அலங்கோலம். சுவர் பூராவும் பிள்ளை கரிக்கட்டையால தமிழ் எழுத்து எழுதியிருக்கு. பாதி எழுத்து இடவலமாத் திரும்பிக் கிடக்கு. வெள்ளையடிக்க எனக்கு ஒரு நாள் பூராவும் ஆச்சு. நாலு வருஷம் அந்த வீட்டுலதான் இருந்தேன்.

புஸ்தகத்தை நானே திருத்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு இடமும். பிறந்தார், தவழ்ந்தார், வாத்துக்கு அஞ்சி அழுதார். நீங்க வாசிச்சிருப்பீங்களே, எங்கயாவது ஒரு இடத்துல தடுக்குதா? விலக்கப்பட்டவன் பேரைப் போடக் கூடாதுன்னு இசக்கி பேரை எடுத்துட்டாங்க. என் பேரைப் போடறோம்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன். அடுத்தவன் உழைப்புல பேர் வாங்குற ஈனப் புத்தி எனக்குக் கிடையாது. இதுல வேடிக்கை என்னன்னா, மூணு வருஷத்துல அந்தத் தலைவன் செத்தான். அடுத்து வந்தவன் ஆறே மாசத்துல அவனுக்கே புள்ளி வச்சுட்டான். புஸ்தகத்தை எல்லாம் கூழாக்கினாங்க. அவன் பேர் வர்ற மத்த புஸ்தகத்துல எல்லாம் நான் உக்காந்து ஆர் எடுத்து ஆன் போட்டேன். உங்களுக்கு இந்த ஒரு பிரதி எங்க தப்பிச்சுக் கிடைச்சுதோ.

இதுதான் நீங்க கேட்டதுக்குப் பதில். கோழைங்க, காட்டிக்கொடுக்கறவனுக, பயந்து கை தூக்கறவனுக, இவனுகளை வச்சு ஆண்டான். நேர்மையா வேலை பாத்தவன்னு பாத்தா நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன், அப்பத்தான் அந்த அரசாங்கம் மனுஷனை எந்த அளவுக்குக் கெடுத்து வச்சுதுன்னு உங்களுக்கு விளங்கும்.

நான் ஊருக்குத் திரும்பி வந்து அஞ்சாவது வருஷம் அந்த நாடு உடைஞ்சு போச்சு. அடுத்த வருஷம் எனக்கு ஒரு கடிதம் வருது. வள்ளிகிட்டயிருந்து. அப்ப அதுக்குப் பதினாறு வயசு இருக்கும். இசக்கி எங்க இருக்கான்னு அதுக்குத் தெரியல. லிதியா அம்மாவைத் தேடிப் பிடிச்சு என் விலாசத்தை வாங்கியிருக்கு. உள்ள அவங்க அப்பாவுக்குத் தனியா ஒரு தாள், இதை அப்பாகிட்டச் சேர்த்துருங்கன்னு. இசக்கி சங்கரன்கோவில்ல ஒரு அச்சாபீஸ்ல இருந்தான், எனக்குத் தெரியும். அனுப்பி வச்சேன். என்ன ஆளு நான், அனுப்பாம இருப்பேனா?

ஆனா அந்தத் தாளை வாசிச்சா, ஐயோ! ஒரு வரி உருப்படியில்ல. கொச்சை, எழுத்துப்பிழை. பெத்த தகப்பனுக்கு ஒரு மரியாதை கிடையாது. அப்படியே எப்படி அனுப்புறது? என் கை வழியாப் போற எழுத்து தம்பி. உக்காந்து நல்ல தாள்ல, தட்டெழுத்துல, சுத்தமா அடிச்சேன். 'பேரன்புக்குரிய தந்தையார் அவர்களுக்கு, தங்கள் மகள் வள்ளி வணங்கி எழுதுவது. தாங்கள் எவ்விடத்தில் இருக்கிறீர்கள் என அறிய விழைகிறேன். தாயார் அவர்கள் இயற்கை எய்தினார்கள். தற்போது எல்லைகள் திறக்கப்பட்டுள்ளன. தாங்கள் இங்கு வருமாறு வேண்டுகிறேன்.' கீழ அவ விலாசம். நடுவுல என் பேர் எதுக்குன்னு உறையில அனுப்புநர் எடத்துல ஒண்ணும் போடல. வாசிச்சா நல்லா இருக்குல்ல?

பதிலே இல்ல. ஒரு ஏழெட்டு மாசம் கழிச்சு இங்க பஸ் ஸ்டாண்டுல இசக்கியைப் பாத்தேன். தலை முழுக்க நரைச்சுப் போச்சு. எங்கிட்ட நல்லாத்தான் பேசினான். நானே கேட்டேன், பிள்ளைகிட்டயிருந்து ஏதாவது தகவல் உண்டான்னு.

"பிள்ளை எங்க அண்ணாச்சி? அந்தப் பயலுவ நாடு போயும் என்னைய விடல. என் பிள்ளை பேரைப் போட்டு எவனோ எழுதி அனுப்பியிருக்கான். தந்தையார் அவர்களுக்காம், வேண்டுகிறேனாம். தூதரகத்துக்காரன் தமிழு அப்படியே. பொண்டாட்டி செத்துட்டான்னும் எழுதியிருக்கான், பாவிப்பய. எம்பிள்ளை என்னைய 'ஏல அப்பா'ன்னுதான் கூப்பிடும். வேற ஒண்ணும் அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல. கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்"ன்னான்.

பாத்தீங்களா? சொந்தப் பிள்ளை கடிதத்தை நம்ப மாட்டேங்கான்! எந்தக் காகிதம் வந்தாலும் அதுக்குப் பின்னால அரசாங்கம் இருக்குன்னு நெனைக்கிற அளவுக்கு ஒரு மனுஷனை ஆக்கி வச்சிருக்கு அந்த நாடு. எனக்கு அன்னைக்கு அந்த நாட்டு மேல வந்த வெறுப்பு இன்னும் போகல.

நான் எதுவும் சொல்லல. என்ன சொல்லச் சொல்றீங்க? என் பஸ் வந்துட்டு. இன்னொரு நாள் விளக்கமாச் சொல்லலாம்னு இருந்தேன். நாலு வருஷத்துல அவனும் போய்ச் சேந்துட்டான்.

அசலா? இருக்கே. நான் எதையும் தூக்கி எறியிறவன் இல்ல. இருங்க, எடுக்கிறேன். இந்தாங்க. மடிப்புல கிழியும், மெல்லப் பிரிங்க. சத்தமா வாசிங்க, எனக்கு இப்ப கண்ணு சரியில்ல.

"ஏல அப்பா, நாந்தான் வல்லி.
எங்கடா இருக்க?
அம்மா செத்து போச்சு.
இப்ப கதவு தொறந்துட்டு, நீ வந்துரு, நான் டேசன்ல நிக்கேன்."

சிவப்பு மையில நான் சுழிச்சிருக்கேன் பாருங்க. நாலே வரி தம்பி. அதுல ஒன்பது பிழை.